ஜாக்கி வச்ச இடம்

என் தங்கச்சியைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே என்னை மச்சான்னு கூப்பிட்ட மணியத்துக்கு,

போன புதன்கிழமை உன் காடி என் பட்டறைக்கு வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு அது இந்த வாசலை மிதிச்சு. நீ ஓட்டிக்கிட்டு வரல, உன் மக ஷாமினி ஓட்டிக்கிட்டு வந்தா. சுங்கை பினாங் ஆத்தோரமா திரும்புற முனையிலேயே சத்தம் கேட்டுச்சு. டொக். கொஞ்சம் தள்ளி வேகத்தடை இருக்கில்ல, அங்க ஏறி இறங்குறப்போ இன்னொரு டொக். நான் அப்பதான் பசியாறிட்டு கை கழுவிக்கிட்டிருந்தேன். கையைத் துடைக்காம அப்படியே நின்னுட்டேன்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் மச்சான். முப்பது வருஷமா போமனா காடி ரிப்பேர் வேலை பாக்குறேன். காடியில எது தேஞ்சா என்ன சத்தம் வரும்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டவன் நான். அந்தச் சத்தத்தைத்தான் நீ அன்னைக்கு வந்து சொன்ன. அப்படி ஒரு சத்தமே இல்லைன்னு நான் சொன்னேன்.

இந்தக் கடுதாசி உனக்குத்தான், ஆனா உனக்கு மட்டும் இல்ல. நூறாவது நாளுக்கு உன் படத்தைப் போட்டு ஞாயித்துக்கிழமை பத்திரிகையில நாலு வரி போடணும்னு உன் வீட்டுல பேசிக்கிட்டாங்களாம். எல்லாருக்கும் போடுற அதே நாலு வரி. நான் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, பெருசா எழுதிக் கொடுத்தா போடுவீங்களான்னு கேட்டேன். எழுதிக் கொடுங்க அண்ணேன்னாங்க. ஏன் கேட்டேன்னு கடைசியில சொல்றேன்.

உன்னைத் தெரியாதவங்களும் இதைப் படிப்பாங்க. அதனால உனக்குத் தெரிஞ்சதையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கு, பொறுத்துக்க.

நீ கேனப்பிக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விட்டவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு, எதா இருந்தாலும் உன் கூடாரம்தான் நிக்கும். நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள்ள இருக்கிற கோயிலுக்கெல்லாம் மழை நாள்ல சாதாரண லோரி போகாது, சேத்துல மாட்டிக்கும். அதுக்குன்னே நாலு சக்கரமும் இழுக்குற அந்தக் காடியை வாங்கின. வாங்குன நாள்லேர்ந்து அதுக்கு எண்ணெய் மாத்துனதுலேர்ந்து எல்லாம் நான்தான். வேற ஒரு கை அதுல பட்டதில்ல. அதுல எனக்கு ஒரு பெருமை, உனக்கும் ஒரு பெருமை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை நீ வந்த. பட்டறையில அன்னைக்கு நாலு காடி நிக்குது. வாடகைக் காடி ஓட்டுற தாஸும் அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் உக்கார்ந்து கதை பேசிக்கிட்டிருக்காங்க. நீ எறங்குனதும் எறங்காததுமா சொன்ன.

"குணா, முன்னாடி இடது பக்கம் டொக் டொக்குங்குது. பால் ஜாயிண்ட் போயிடுச்சு போல."

"நீ எப்பலேர்ந்து போமன் ஆன?"

"சத்தம் கேக்குதுடா. நேத்து பாலத்துல வர்றப்போ ஸ்டீரிங்கே ஒரு மாதிரி இழுத்துச்சு."

"கூடாரக் கம்பி ஏத்துற காடியில சத்தம் கேக்காம சங்கீதமா கேக்கும்?"

தாஸ் விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்கும் அவன் சிரிச்சது பிடிச்சுப் போச்சு. அதுதான் வெனை.

பால் ஜாயிண்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நம்ம தோள்ல எலும்பு உருண்டையா ஒரு குழியில உக்கார்ந்து திரும்புதில்ல, அந்த மாதிரி ஒரு இரும்பு மூட்டு. முன் சக்கரத்தை அதைத் தாங்குற கீழ் ஆர்மோட சேர்த்துப் பிடிக்கிறது அதுதான். தேய ஆரம்பிச்சா மொதல்ல சத்தம் வரும், அப்புறம் டயர் ஒரு பக்கமா தேயும். அதையும் கவனிக்காம விட்டா ஒரு நாள் உருண்டை குழியை விட்டு வெளிய வந்துடும். சக்கரம் மடங்கி, காடி மூஞ்சி தரையில குத்தும். ஓடிக்கிட்டு இருக்கிற காடிக்கு அது நடந்தா உள்ள இருக்கிறவன் கதி அவ்வளவுதான்.

அது தேஞ்சிருக்கான்னு பாக்க ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில வைக்கணும், சக்கரத்துக்குக் கிட்ட. அப்பதான் ஸ்பிரிங்கோட பாரம் அந்த மூட்டுல விழாது, ஆட்டுனா ஆடும். ஜாக்கியைச் சேசிஸுக்கு அடியில வச்சுத் தூக்குனா ஸ்பிரிங் ஆர்மைக் கீழ தள்ளி மூட்டை இறுக்கிப் பிடிச்சிக்கும். எவ்வளவு தேஞ்சிருந்தாலும் அசையாது. வேலைக்குச் சேர்ந்த மொத வருஷமே தெரிஞ்சுக்கிற விஷயம் இது. நான் அன்னைக்கு எங்க வச்சேன்? சேசிஸுக்கு அடியில. பெரிய ஜாக்கி அங்கதான் கிடந்துச்சு, தள்ளிக்கிட்டுப் போய் ஆர்முக்கு அடியில வைக்கணும்னா குனியணும். சோம்பேறித்தனம் மச்சான், வேற ஒரு மண்ணும் இல்ல.

சக்கரத்தைப் பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டுனேன். அசையல. எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னேன்.

"பார்த்தியாலா? ஒரு நூல் அசையுதா? காடிக்கு ஒன்னும் இல்ல. உன் காதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டு."

நீ சிரிக்கல. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு. நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்கார்ந்து கேளு"ன்ன. எனக்கு வேலை இருக்குலான்னேன். அப்பதான் நீயும் வாயை விட்ட. "முப்பது வருஷ போமனாம். வேப்பிலை அடிக்கிற மாதிரி ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு குறி சொல்றான்." இந்தத் தடவை தாஸ் என்னைப் பார்த்துச் சிரிச்சான்.

"அப்படின்னா வேற எடத்துல காட்டிக்கோ."

"காட்டிக்கிறேன்."

அவ்வளவுதான் நாம பேசுன கடைசிப் பேச்சு. படிக்கிறவங்களுக்கு நம்பக் கஷ்டமாத்தான் இருக்கும். நாப்பது வருஷச் சிநேகிதம், சொந்தத் தங்கச்சி புருஷன், ஒரு சக்கரத்தை ஆட்டுனதுல போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் தங்கச்சி லெட்சுமி போன் பண்ணா. "அண்ணே, இவரு சத்தம் சத்தம்னு வீட்டுல ஒரே பாட்டு பாடுறாரு. நெசமா ஏதாச்சும் இருக்கா?" நான் சொன்னேன், ஒன்னும் இல்ல புள்ள, அவனுக்கு வயசாகுதுல்ல, காது கோளாறு. அவ சிரிச்சுட்டு வச்சுட்டா. அடுத்த வாரம் தாஸ் வந்து, ஜெலுத்தோங்ல ஒரு சீனர் பட்டறை முன்னாடி உன் காடி நின்னுச்சுன்னு சொன்னான். சொல்றப்பவே அவன் கண்ணு என் மூஞ்சியைத்தான் பார்த்துச்சு. என் காடியை, ஆமா, நான் அப்படித்தான் நெனைச்சேன், என் காடியைக் கொண்டுபோய் இன்னொருத்தன் கையில கொடுத்துட்டான்னு வயிறு எரிஞ்சுது. உன் வீட்டுத் தீபாவளிக்கு வரல. உன் வீட்டு எந்த நல்லது கெட்டதுக்கும் வரல. நீயும் கூப்பிடல.

நீ ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கிடந்த. நெஞ்சுல சளி கட்டி மூச்சு விட முடியலைன்னு சொன்னாங்க. பத்தாவது நாள் லெட்சுமி போன் பண்ணி, "அண்ணே, உன்னைப் பாக்கணுங்கிறாரு, வந்துட்டுப் போ"ன்னா. நாளைக்கு வர்றேன்னேன். வந்தேனே. உனக்குத் தெரியாது, லெட்சுமிக்கும் தெரியாது, இந்த நிமிஷம் வரைக்கும் யாருக்கும் தெரியாது. பதினோராவது நாள் மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

காடி நிறுத்துற எடத்துல உன் காடி நின்னுச்சு, ஷாமினி ஓட்டிக்கிட்டு வந்திருந்தா போல. சக்கரம் திருப்பின வாக்குல நின்னுச்சு. போமன் புத்தி, குனிஞ்சு பார்த்தேன். இடது முன் டயர் உள்பக்கம் மொழுமொழுன்னு தேஞ்சு போயிருந்துச்சு. ஜெலுத்தோங்காரன் பார்த்த வேலையோட லட்சணம் இதுதானான்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். ஆமா, சந்தோஷம். எழுதவே கூசுது. நீ மேல மூச்சுக்கு அல்லாடிக்கிட்டு கிடக்குற, நான் கீழ உன் டயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இப்ப மேல போனா இதைச் சொல்லிக் காட்டாம என் வாய் சும்மா இருக்காது, முடியாம கிடக்கிறவன்கிட்ட எதுக்கு, டிஸ்சார்ஜ் ஆகட்டும், அப்புறம் வச்சுக்கலாம்னு திரும்பிப் போயிட்டேன். மறுநாள் காலையில நீ போயிட்ட.

உன் சாவுக்கு உன் கூடாரத்தையே போட்டாங்க மச்சான். ஷாமினிதான் நின்னு கம்பி மாட்டச் சொல்லி ஆளுங்களை வேலை வாங்கினா. நான் அண்ணன்காரன், கோடி போடணுமே. ரெண்டு வருஷம் உன் வீட்டு வாசப்படி ஏறாதவன் கோடிப் புடவையைக் கையில வச்சுக்கிட்டு ஏறுனேன். லெட்சுமி அதை வாங்கி மடியில வச்சுக்கிட்டுச் சொன்னா.

"புடவையோட வந்துட்ட அண்ணே. அவரு கடைசி ரெண்டு நாளும் உன்னைத்தான் கேட்டாரு. குணாவை வரச் சொல்லு, காடியைப் பாக்கச் சொல்லு, பாப்பாவை ஓட்ட விடாதேன்னு. மூச்சு விட முடியாம காடியைப் பத்திப் பேசுறாரேன்னு நாங்க அழுதோம்."

அப்பகூட எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சாகுறப்போகூட என்னைக் குத்திக் காட்டிட்டுத்தான் போயிருக்கான்னு தோணுச்சு. அதுக்கப்புறம் லெட்சுமி என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்ல. நானும் போகல.

இப்ப புதன்கிழமைக்கு வர்றேன். ஷாமினி எறங்கி வந்தா. இளைச்சுப் போயிருக்கா. உன் தொழிலை அவதான் இழுத்துக்கிட்டிருக்கா.

"மாமா, அம்மாக்குத் தெரியாது, நானாதான் வந்தேன். டயர் ஒரு பக்கமா தேயுது. அலைன்மெண்ட் மட்டும் பார்த்துக் கொடுங்களேன். அடுத்த வாரம் தாசேக் கெலுகோர்ல ஒரு கல்யாணம், முன்னூறு நாற்காலி ஏத்தணும்."

"இந்தச் சத்தம் எப்பலேர்ந்து கேக்குது?"

"அந்த டொக்கா? அது ஒன்னும் இல்ல மாமா. நீங்கதானே ஒன்னும் இல்லைன்னு சொன்னீங்க."

அவபாட்டுக்குப் பேசிக்கிட்டே போறா. அப்பா சும்மா பயந்துக்குவாரு மாமா, பாலத்துல அறுபதுக்கு மேல போகமாட்டாரு, பாதிப் பாரம்தான் ஏத்துவாரு, ஒரு வேலைக்கு ரெண்டு தடவை போய் வருவாரு, நானும் அம்மாவும் ஆமைன்னு கேலி பண்ணுவோம். எனக்கு அதுக்கெல்லாம் நேரம் எங்கலா இருக்கு, ஒரே தடவையில ஏத்திடுவேன், நூறுல போயிடுவேன்னா.

முழுப் பாரம். நூறு. மூணு மாசமா.

ஜாக்கியைத் தள்ளிக்கிட்டுப் போனேன். இந்தத் தடவை குனிஞ்சேன். கீழ் ஆர்முக்கு அடியில, சக்கரத்துக்குக் கிட்ட வச்சுத் தூக்குனேன். டயருக்கு அடியில நீட்டுக் கம்பியைக் கொடுத்து நெம்புனேன். சக்கரம் அரை விரல் கனத்துக்கு மேல எழும்பி, டொக்குன்னு கீழ விழுந்துச்சு. திரும்ப நெம்புனேன். டொக். எத்தனை தடவை அப்படிப் பண்ணேன்னு எனக்குத் தெரியல, "என்ன மாமா?"ன்னு அவ பயந்து போய்க் கேட்டதுக்கு அப்புறம்தான் நிறுத்துனேன்.

"பால் ஜாயிண்ட் போயிடுச்சு."

"அது எப்போ போச்சு?"

மச்சான், அந்த எடத்துல ஒரு மனுஷனா இருந்திருந்தா நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். நான் சொன்னது என்னன்னா, "இப்பதான். நீ பாரம் ஜாஸ்தி ஏத்துறல்ல, இப்பதான் தேஞ்சிருக்கு."

"அப்ப அப்பா சொன்னது இது இல்லையா?"

"இல்ல."

அவ காடியை ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் சொன்னா, "பாவம் அப்பா. காதுதான் சரியில்லாம போயிருக்கு." நான் சக்கரத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஆமாங்கிற மாதிரி தலையாட்டுனேன்.

சாமான் வாங்கணும், ரெண்டு பக்கமும் மாத்தணும், காடி இங்கேயே நிக்கட்டும்னு சொன்னேன். அப்பதான் அவ, "மாமா, உங்க சாமான் ஒன்னு பின்சீட்டுக்கு அடியில இருக்கு, போறதுக்குள்ள கொடுத்துடறேன்"னு போய் ஒரு பெட்டியை எடுத்துக்கிட்டு வந்தா. அட்டைப்பெட்டி, மூலையெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. "அப்பா யாரையும் தொட விடமாட்டாரு. அது மாமா சாமான், மாமா கையிலதான் கொடுக்கணும்பாரு. ரொம்ப நாளா கிடக்குது." மேல உன் கோணல் எழுத்துல குணான்னு எழுதியிருக்கு. பக்கத்துல ஜெலுத்தோங் சாமான் கடை முத்திரை. உள்ள புதுசா, எண்ணெய்த்தாள்கூட பிரிக்காம, ரெண்டு பால் ஜாயிண்ட்.

"என்ன மாமா அது?"

"பழசு. நான்தான் கொடுத்து வச்சிருந்தேன்." ரெண்டாவது பொய்.

அவளைக் காப்பிக்கடைக்கு அனுப்பிட்டு நானே உக்கார்ந்து கழட்டுனேன். நட்டு மேல என் மஞ்சப் பெயிண்ட் கோடு அப்படியே இருந்துச்சு. நான் ஒரு நட்டை முறுக்கி முடிச்சா அது திரும்பலைன்னு பாக்குறதுக்கு மஞ்சக் கோடு போடுவேன், அது உனக்குத் தெரியும். கோடு ஒரு மயிரிழை விலகல. அதாவது, ரெண்டு வருஷமா நான் திட்டிக்கிட்டிருந்தேனே அந்த ஜெலுத்தோங்காரன், அவன் இதைத் தொடவே இல்ல.

பூட்டுக்கம்பியைப் பிடுங்கி, நட்டைத் தளர்த்தி, ஓரத்துல ரெண்டு சுத்தியலால தட்டுனேன். துருப் பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு, நாலாவது அடிக்குத்தான் டமார்னு விட்டுச்சு. ரப்பர் மூடி கிழிஞ்சு, உள்ள கிரீஸ் ஒரு சொட்டு இல்ல, செம்மண் தண்ணிதான் இருந்துச்சு. கையில எடுத்து ஆட்டுனா கிலுகிலுப்பை மாதிரி ஆடுது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்னு நான் சொல்லமாட்டேன். தாசேக் கெலுகோர் கல்யாணம் வரைக்கும் தாங்கியிருக்காது. நீ வாங்கி வச்ச புதுசு ரெண்டையும் மாட்டி, கிரீஸ் வச்சு, மஞ்சக் கோடு போட்டேன். ஒரு கோடு கோணலாப் போச்சு.

மறுநாள் ஜெலுத்தோங் போனேன். பட்டறை முதலாளி, அந்தத் தவுக்கே, வயசானவரு, என்னைவிட மூத்தவரு. மலாய்லதான் பேசிக்கிட்டோம். கூடாரக் கம்பி கட்டுன காடின்னு சொன்னதுமே அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஏன்னா நீ அவரைப் போட்டுப் படுத்தியிருக்க. அவர் ஆர்முக்கு அடியில ஜாக்கி வச்சு ஆட்டிக் காட்டியிருக்காரு, இது மாத்தணும், ஆபத்துன்னு. நீ உடனே, சேசிஸுக்கு அடியில வச்சா தெரியாதான்னு கேட்டிருக்க. அவர் வச்சுக் காட்டியிருக்காரு. திரும்ப இங்க வைங்கன்ன, திரும்ப அங்க வைங்கன்ன. மூணு தடவை.

"அப்புறம் அவர் சிரிச்சாரு"ன்னு தவுக்கே சொன்னாரு. "மாத்திடவான்னு கேட்டேன். வேணாம்லா, என் மச்சான் போமன், அவனே மாத்தட்டும், வேற ஆளு மாத்துனா அவனுக்கு ஊருக்குள்ள மூஞ்சி இருக்காதுன்னாரு. சாமானை மட்டும் பக்கத்துக் கடையில வாங்கிக்கிட்டுப் போனாரு. மறுநாளே மாத்தியிருப்பீங்கன்னு நெனைச்சேன். ஏன், மாத்தலையா?"

அவரைக் கும்பிட்டுட்டு வெளிய வந்தேன்.

ஆக உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நான் எங்க தப்புப் பண்ணேன்கிறதுவரைக்கும் தெரிஞ்சிருக்கு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு அன்னைக்கே வந்திருக்கலாம். பத்து நிமிஷ தூரம்டா. வந்து, "ஜாக்கியை எங்கடா வச்ச மடையா"ன்னு தாஸ் முன்னாடியே கேட்டிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அவ்வளவுதானே?

ஆனா நீ என்ன பண்ண? நான் கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டு இருந்த. ரெண்டு வருஷம். தேஞ்ச மூட்டை வச்சுக்கிட்டு, அறுபதுல ஓட்டிக்கிட்டு, பாதிப் பாரம் ஏத்திக்கிட்டு, வீட்டுல ஆமைன்னு பேர் வாங்கிக்கிட்டு. என் மூஞ்சியைக் காப்பாத்தச் சொல்லி உன்னை யாரு கேட்டா? கேக்குறவங்க இதைப் பாசம்பாங்க. நான் சொல்லமாட்டேன். இது திமிரு. குணா மொதல்ல கூப்பிடட்டும்கிற திமிரு. அந்தச் சீட்டுல உன் பொண்ணும் உக்கார்ந்து வந்தாளே, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேணாமா? வார்டுல கிடந்து சொல்ல ஆரம்பிச்சியே, அதை ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா உன் குடி முழுகிப் போயிருக்குமா? அவளுக்கு ஒன்னு ஆகியிருந்தா, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு என் முன்னாடி நின்னிருப்ப நீ?

திட்டுறேன்னு பாக்காதே. உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு நீ கேப்ப. கேளு. உன் டயரைப் பார்த்துட்டு மாடிப்படி ஏறாமப் போனவன்தானே நான். மூச்சு முட்டிக்கிட்டு நீ சொன்னது அந்தச் சத்தத்தைத்தான்னு மூணு மாசம் கழிச்சுப் புரிஞ்சுக்கிட்டவன்தானே. அதையெல்லாம்கூட ஒரு பக்கம் வச்சுடறேன். என் ஒரு வாய் வார்த்தையால உன் சொந்த வீட்டுலேயே உன்னைச் செவிடனாக்கிட்டேனே, அதைத்தான் என்னால தாங்க முடியல. உன் பொண்டாட்டி நம்பல, உன் பொண்ணு நம்பல. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு என்னை நம்புனாங்க. புதன்கிழமையும் அந்தப் புள்ள என்னைத்தான் நம்பிட்டுப் போச்சு. அவ இனிமே உன்னை நெனைக்கிறப்பல்லாம் காது கேக்காத ஒரு பயந்தாங்கொள்ளியைத்தான் நெனைப்பா. நான் வாயைத் திறக்கலைன்னா அது அப்படியே நிலைச்சுப் போயிடும். சாமான் மாத்தியாச்சு, சத்தம் நின்னுடுச்சு, இனி யாரும் எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது. வியாழக்கிழமை பூரா அந்த நெனைப்புதான் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? என் புத்தி அவ்வளவுதான்.

அதனாலதான் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை இது அச்சுல வந்துடும். கொடுத்ததுக்கு அப்புறம் நான் நெனைச்சாலும் திரும்ப வாங்க முடியாது. என்னை நான் நம்பல, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஆனா லெட்சுமியும் ஷாமினியும் இதைப் பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. அதனால சனிக்கிழமை காலையிலேயே உன் வீட்டுக்குப் போறேன். தாஸையும் அவன் கூட்டாளிங்களையும் வரச் சொல்லியிருக்கேன். அன்னைக்குச் சிரிச்ச வாய் அத்தனையும் அங்க இருக்கணும். கழட்டுன ரெண்டு பழசையும் கழுவாம, செம்மண்ணோட, அதே அட்டைப்பெட்டியில போட்டு வச்சிருக்கேன். லெட்சுமி கையில கொடுத்து ஆட்டிப் பாருன்னு சொல்வேன். அப்புறம் ஷாமினி கையில. அப்புறம் தாஸ் கையில. அந்த மஞ்சக் கோட்டையும் ஜெலுத்தோங்கையும் ஆஸ்பத்திரி வாசலையும் சொல்வேன். எதையும் விடமாட்டேன்.

அதுக்கப்புறம் லெட்சுமி என்னை வெளிய போன்னாலும் போவேன். ஷாமினி காடியை ஜெலுத்தோங்குக்கே கொண்டுபோனாலும் நல்லதுதான், அந்தத் தவுக்கே குனியுற ஆளு. அவ என்கிட்டயே கொண்டுவந்தா, சத்தம் கேக்குதுன்னு அவ சொல்ற அன்னைக்கு நான் கை கழுவிட்டு அவ பக்கத்துச் சீட்டுல ஏறி உக்காருவேன். அவ எவ்வளவு தூரம் ஓட்டுறாளோ அவ்வளவு தூரம் வாயை மூடிக்கிட்டுக் கேப்பேன். இது உனக்கு நான் கொடுக்குற வாக்கு.

சத்தம் இருந்துச்சு மச்சான். உன் காது நல்லாத்தான் இருந்துச்சு.

அன்னைக்கு உன் பக்கத்துல ஏறி உக்காராத உன் மச்சான்,
லெட்சுமியோட அண்ணன்,
குணா